கல்லுடைப்போர் மூச்சு

தமிழ் பயிலும் மாணவனுக்குப் புதுக்கோட்டைச் சீமை ஒரு பெரிய நூல்நிலையம் போன்றது. அந்நூல்நிலையத்தின் ஏடுகள் கல்லால் ஆனவை. சித்தன்னவாசலிற் சமண முனிவர்கள் துயின்ற கற்படுக்கையும், அதனருகே பொறித்த பழந்தமிழ் எழுத்தும், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும், நார்த்தாமலையின்மேல் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த விசயாலய சோழீச்சரமும், திருமயத்துக் குடைவரைக் கோயில்களும் யாவும் அந்நாட்டுக் கல் நமக்கு அளித்த கொடைகளே. தொண்டைமான் மன்னர் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாயிருந்து, 1948-ஆம் ஆண்டில் இந்திய யூனியனோடு இணைந்து, 1974 முதல் தனி மாவட்டமாய் விளங்கும் அந்நாடு, தன் கல்வெட்டுக்களைத் தொகுத்து 1929-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டது. அந்நாட்டிற் பிறந்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

நிற்க. யான் ஈண்டு எழுதப் புகுந்தது கல்லின் பெருமையைப் பற்றியன்று. கல்லின் தூளைப் பற்றியாகும். எங்கள் ஊரிலிருந்து நோக்கினால், முன்பு மலையாய் இருந்தவை சில இன்று பள்ளமாய் இருத்தலைக் காணலாம். வெட்டியெடுத்த பாறை லாரியிலேறி, ஊருக்கு ஒதுக்குப்புறத்துள்ள கல்லுடை ஆலைக்குச் செல்கிறது. அவ்வாலையை எங்கள் பக்கத்தார் ‘கிரஷர்’ என்றே சொல்வர். அங்கே பாறை ஜல்லியாகவும், ஜல்லி பின்னும் நொறுங்கி ‘எம்-சாண்ட்’ என்னும் செயற்கை மணலாகவும் மாறுகிறது. ஆற்று மணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் அச்செயற்கை மணலின்றி வீடு கட்டுவார் இலர். இயந்திரம் ஓடுங்கால் ஆலையைச் சுற்றி வெண்புகை போன்ற தூள் எழுந்து, வேலியோரத்துக் கருவேல இலைகளின்மேல் மாவு தூவினாற்போலப் படிகின்றது. இலையின்மேற் படிவதை மழை கழுவிவிடும். மனிதனுடைய நுரையீரலிற் படிவதைக் கழுவ எந்த மழையும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரை யான் பெரியப்பா என்றழைப்பது வழக்கம். வயது ஐம்பதைச் சற்றே கடந்தவர். காண்பார் எழுபது என்பர். கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். சென்ற விடுமுறையில் அவரோடு திண்ணையில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, எனக்குச் சளியிலே கிருமி இல்லையாம். ஆனாலும் டிபி மருந்துதான் கொடுத்தார்கள். இரண்டு தடவை முழுசாய்ச் சாப்பிட்டு முடித்தாயிற்று. மூச்சு மட்டும் திரும்பவில்லை” என்றார்.

“கிரஷரில் எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள், பெரியப்பா?”

“பதினெட்டு வருஷம்.”

“அதை வைத்தியரிடம் சொன்னீர்களா?”

“அவர் கேட்கவில்லையே, தம்பி.”

இவ்விடை என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அவ்வைத்தியரைக் குறை கூறுதல் என் கருத்தன்று. ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைப் பார்க்கும் ஒருவர் எத்துணைக் கேள்விதான் கேட்பார்! ஆயினும், கேட்கப்படாத அவ்வொரு கேள்வியில் அப்பெரியவருடைய நோயின் பெயரும், அவருக்குரிய உரிமையும் ஒருங்கே மறைந்துபோயின என்பதை இக்கட்டுரையாற் காட்ட விழைகின்றேன்.

அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலி நாட்டில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்னும் வைத்திய ஆசிரியர் ஒருவர் இருந்தார். தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டுவன இவையென்று பண்டைக் கிரேக்க வைத்தியராகிய ஹிப்பாக்ரட்டீஸ் வகுத்துச் சென்ற கேள்விகளோடு, நீ செய்யும் தொழில் யாது என்னும் கேள்வியையும் சேர்த்தல் வேண்டும் என்பது ராமஸ்ஸினியின் கொள்கை. கல் தச்சர் மூச்சோடு உள்ளிழுக்கும் தூளைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. முந்நூறு ஆண்டுகட்குமேல் ஆகியும் அக்கேள்வி நம் நாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டுக்களில் இன்னும் தனக்கென ஓர் இடம் பெறாதிருத்தல் வியப்புக்கும் வருத்தத்திற்கும் உரியது.

இனி, கல்தூள் உடலில் இயற்றும் தீங்கு யாதெனச் சிறிது ஆராய்வோம். கருங்கல் ஒரே பொருளால் ஆயதன்று. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் என்னும் படிகம் உண்டு. அப்படிகம் சிலிக்கா என்னும் பொருளால் ஆயது. பாறையை உடைக்குங்கால் எழும் தூளில் பெருந்துகளும் உண்டு, நுண்துகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பெருந்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தடைப்பட்டுச் சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே கொடிது. மனிதன் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பர். நுரையீரலின் கடைசி அறைவரை செல்லும் துகளோ 5 மைக்ரானுக்கும் குறைந்தது. ஆகவே, ‘இன்று தூசி தெரியவில்லை, காற்று நன்றாயிருக்கிறது’ என்று தொழிலாளி எண்ணும் வேளையிலும் அவன் சுவாசிப்பது நஞ்சாக இருத்தல் கூடும்.

அவ்வறைகளில் மாசுகளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் காவலர்போல் உலவுகின்றன. சிலிக்காத் துகளையும் அவை விழுங்குகின்றன. ஆனால் அதனை அழிக்க அவற்றால் இயலாது. விழுங்கிய அணுவே மாய்கிறது. மாய்ந்த அணுவினின்று வெளிப்பட்ட துகளை மற்றோரணு விழுங்கி அதுவும் மாய்கிறது. இவ்வாறு ஓயாது நிகழும் போராட்டத்தில் நுரையீரலின் மெல்லிய தசை தழும்பேறிக் கெட்டியாகிறது. விரிந்து சுருங்க வேண்டிய உறுப்பு விரிய மாட்டாது நிற்கிறது. இதற்கே சிலிக்கோஸிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்தாண்டு, இருபதாண்டு கழித்தே இது வெளிப்படும். தூள் மிக அதிகமான இடங்களில் சில ஆண்டுகளிலேயே வெளிப்படுவதும் உண்டு. தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இதுகாறும் கண்டுபிடிக்கப்படவில்லை. வேலையை விட்டு நின்ற பின்னரும் நோய் வளர்தல் உண்டு. இதனினும் கொடிதொன்று உளது: சிலிக்கா படிந்த நுரையீரலிற் காசநோய் எளிதிற் குடிபுகும். இரு நோய்க்கும் இருமல் உண்டு, இளைப்பு உண்டு, எடை குறைதல் உண்டு. எக்ஸ்ரே படத்திலும் ஒன்று மற்றொன்றுபோலத் தோற்றம் அளிக்கக்கூடும். ஆதலின், தொழிலைக் கேளாத வைத்தியர்க்கு இரண்டையும் பிரித்தறிதல் அரிது.

இந்நோய் புதியதன்று. 1556-ஆம் ஆண்டில் வெளிவந்த சுரங்கத் தொழில் நூலொன்றில், ஜெர்மானிய அறிஞராகிய அக்ரிகோலா, கார்ப்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவரை மணந்து எழுவரையும் தூளுக்குப் பலிகொடுத்த பெண்டிரைக் குறிப்பிட்டுள்ளார். நார்த்தாமலையில் உளிகொண்டு செதுக்கிய நம் முன்னோரும் தூளைச் சுவாசித்தே இருப்பர். ஆயினும் உளி எழுப்பும் தூளுக்கும் இயந்திரம் எழுப்பும் தூளுக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வேற்றுமை உண்டு. காற்றழுத்தத் துளைக்கருவிகளும் அரைக்கும் இயந்திரங்களும் வந்தபின்னரே இந்நோய் உலகெங்கும் பெருகிற்று. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் 1930, 1931-ஆம் ஆண்டுகளில் சிலிக்கா மிகுந்த மலையைக் குடைந்து நீர்வழி அமைத்தனர். அவ்வேலையில் ஈடுபட்டோருட் பெரும்பாலார் வேலைதேடி வந்த ஏழை நீக்ரோ மக்கள். தூளடங்க நீர் தெளியாது துளையிட்டமையால் எழுநூறு பேருக்கு மேல் மாண்டிருப்பர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர்.

அயல்நாட்டை நோக்குவானேன்? கோலார் தங்கவயலில் ஆழ்சுரங்கத்திற் பாறையைத் துளைத்தவர் பலரும் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சென்ற தமிழரே. அங்கே இந்நோய் பரவினமையால் மைசூர் அரசாங்கத்தார் 1940-ஆம் ஆண்டில் சிலிக்கோஸிஸ் விதிகளை இயற்ற நேர்ந்தது. இந்தியாவில் இந்நோயைச் சட்டம் முதன்முதற் கண் திறந்து நோக்கியது தமிழ்த் தொழிலாளர் இருமலைக் கேட்டே என்று கூறின் அது பெரிதும் மிகையாகாது. அச்சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

மற்றுமோர் எடுத்துக்காட்டு, எழுத்தறிந்த நம் எல்லோர் உள்ளத்தையும் தைக்க வேண்டியது. நாம் சிறுவராயிருந்தபோது பலகையில் ‘அ’னா எழுதிய பலப்பம் எங்கிருந்து வந்தது என்று யாரேனும் சிந்தித்ததுண்டா? மத்தியப் பிரதேசத்து மந்தசௌர் என்னும் ஊர் அத்தொழிலுக்குப் பேர்போனது. கல்லை மின்வாளால் அறுத்துப் பலப்பம் செய்த அவ்வூர்த் தொழிலாளரை ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர்க்குச் சிலிக்கோஸிஸ் இருத்தல் புலனாயிற்று. அவர்களிற் பலர் இளைஞர்கள். நம் கையில் எழுத்தாய் நின்றது அவர்கள் நெஞ்சில் நோயாய் நின்றது.

குஜராத்தின் கோத்ராப் பக்கத்தில் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் ஆலைகளுக்கு, அண்டை மாகாணத்து ஜாபுவா, அலிராஜ்பூர் ஆகிய இடங்களிலிருந்து மலைவாழ் மக்கள் கூலிவேலைக்குச் சென்றனர். சில ஆண்டுகளில் இருமிக்கொண்டு ஊர் திரும்பினர். திரும்பியோர் ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். அவர்பொருட்டுத் தொடர்ந்த வழக்கில், இறந்தோர் 238 பேருடைய குடும்பங்களுக்குத் தலைக்கு 3 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் அது கல்லறைக்குக் கிடைத்த நீதி.

இந்நாட்டில் இத்தூளுக்கு இரையாகக் கூடியோர் எத்துணைப் பேர்? சுரங்கத்திலும் ஆலையிலும் மிகுதியாய்ச் சிலிக்காத் தூளுக்கு ஆட்படுவோர் 30 இலட்சம் என்றும், இவரேயன்றிக் கட்டட வேலையில் 53 இலட்சம் பேர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 1999-ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். அதன்பின் நாடெங்கும் எழுந்த கட்டடங்களையும் சாலைகளையும் நினைந்தால், அத்தொகை குறைந்திராது என்பது சொல்லாமலே விளங்கும்.

எங்கள் மாவட்டத்தில் தூளேயன்றிப் புகையும் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் ஆதனக்கோட்டை என்னும் ஊரைக் கடந்தோர், வழியோரத்தில் முந்திரிப் பருப்பு விற்கும் பெண்டிரைக் கண்டிருப்பர். அப்பருப்பின் சுவையைப் புகழாதார் இலர். பருப்பை மூடியிருக்கும் ஓட்டினுள்ளே கடுமையான எண்ணெய் ஒன்று உளது. கொட்டையைத் திறந்த சட்டியில் இட்டு வறுக்கும்போது அவ்வெண்ணெய் பற்றியெரிந்து கரும்புகையாய் எழுகின்றது. அது கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும், தோலிற் பட்டால் வெந்த புண்ணாகும். சாம்பலைக் கையிற் பூசிக்கொண்டு ஓட்டை உடைக்கும் பெண்டிர் கைக்காவது அச்சாம்பல் சிறு காப்பு. மூச்சுக்குக் காப்பு யாது? அடுப்படியிலோ மரத்தடியிலோ நடைபெறும் அத்தொழிலை ஆலை என்று எந்தச் சட்டமும் எளிதிற் சொல்லாது. பாறையை உடைப்பவனும் பருப்பை உடைப்பவளும் ஒரே மாவட்டத்து மக்கள். இருவர் மூச்சும் கணக்கில் வராத மூச்சு.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தூளும் புகையும் எழும் இடத்திலேயே அவற்றை அகற்றவேண்டும் என்று விதித்தது. சிலிக்கோஸிஸைக் கண்ட வைத்தியர் அதனை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும் என்றும் விதித்தது. கல்வெட்டும் குவாரி சுரங்கச் சட்டத்தின்கீழும், கல்லுடைக்கும் ஆலை தொழிற்சாலைச் சட்டத்தின்கீழும் இருந்தன. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் இவ்விரண்டின் இடத்தையும் 2020-ஆம் ஆண்டில் இயற்றிய தொழிற் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் பெற்றுள்ளது. அதிலும் சிலிக்கோஸிஸ் அறிவிக்கத்தக்க நோயாகவே இருக்கின்றது. குறித்த வகைத் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இலவச உடற்சோதனை நடத்தும் கடமையும் முதலாளியைச் சார்ந்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பழைய சட்டத்தின்படி, இயந்திர விசையுடன் 10 பேர் வேலை செய்யுமிடமும் விசையின்றி 20 பேர் வேலை செய்யுமிடமும் தொழிற்சாலையாகும். புதிய சட்டத்தில் அவ்வெண்கள் 20 என்றும் 40 என்றும் உயர்ந்துள்ளன. கல்லுடை ஆலையோ பெரிதும் இயந்திரத்தால் ஓடுவது. அதற்கு வேண்டும் ஆட்கள் சிலரே. முந்திரிக் கொட்டகையிலோ ஆட்கள் இன்னும் குறைவு. ஆட்கள் குறைந்தால் தூளும் குறையுமா? நுரையீரல் தன் பக்கத்தில் நிற்போரை எண்ணிப் பார்த்தா நோயுறுகிறது? அபாயமான தொழிலென்று அரசாங்கத்தார் அறிவிக்குமிடத்து எண்ணிக்கை நோக்காது சட்டம் செல்லுதற்கு அத்தொகுப்பிலேயே வழியுள்ளது. அவ்வழியைக் கல்லுடைக்கும் தொழிலுக்குத் தயங்காது திறந்துவிடல் வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வாறு கூறுங்கால் மறுத்துரைப்பார் சிலர் உளர். அவர் கூற்றுக்களையும் ஆராய்தல் முறையாகும்.

‘கல்லின்றி வீடில்லை, சாலையில்லை, வானம் பார்த்த பூமியாகிய புதுக்கோட்டையில் ஏழைக்குப் பிழைப்பும் இல்லை, ஆலையை மூடச் சொல்கிறீரோ?’ என்பது முதற் கூற்று. ஆலையை மூடுக என்று யான் கூறவில்லை. ஏரி வறண்ட ஆண்டுகளில் எங்கள் ஊரில் அடுப்பெரிந்தது இத்தொழிலால் என்பதை யான் அறிவேன். யான் வேண்டுவது, தூளை மூடுக என்பதே. பாறை விழும் வாயிலும் ஜல்லி கொட்டும் முனையிலும் நீரைப் பூந்தூறலாய்த் தெளித்தல், சல்லடையையும் கடத்து பட்டையையும் தகட்டால் மூடுதல், தூளை உறிஞ்சித் துணிப்பைகளில் வடிகட்டுதல், குவாரியில் ஈரத்தோடு துளையிடுதல், காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்புதல் ஆகிய இவை யாவும் நெடுங்காலமாய் அறியப்பட்ட முறைகள். இவற்றுட் பல சுற்றுச்சூழல் விதிகளிலும் உள்ளன. விதி ஏட்டில் இருந்து, நீர்க்குழாய் சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் ஒழுகுமாயின், அது விதியாகாது.

‘முகமூடி கொடுத்தாலும் தொழிலாளர் அணிவதில்லை, குற்றம் அவருடையதே’ என்பது இரண்டாம் கூற்று. சித்திரை வெயிலில், பாறையின் அனல் மேலே வீச, எட்டு மணி நேரம் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு சுமை தூக்கிப் பார்த்தவரே இதனைப் பேசத் தகுதியுடையார். மேலும், பலர் கட்டிக்கொள்ளும் துண்டு கண்ணுக்குத் தெரியும் தூளைத்தான் தடுக்கும். உயிரைக் குடிக்கும் நுண்துகள் அதன் இழைகளினூடே எளிதிற் புகும். தகுந்த முகமூடி வேண்டுவதே. ஆனால் அஃது இறுதிக் காப்பேயன்றி முதற் காப்பன்று. எரியும் வீட்டில் நீரூற்றாது, உள்ளிருப்போரை ஈரத் துணி போர்த்துக்கொள்ளச் சொல்லுதல் அறிவுடைமையாகுமா?

‘எங்கள் மாவட்டத்தில் இந்நோய் இருப்பதாகக் கணக்கில்லையே’ என்பது மூன்றாம் கூற்று. இதுவே யான் பெரிதும் அஞ்சுவது. கேட்காத கேள்விக்கு விடை ஏட்டில் எங்ஙனம் ஏறும்? தொழிலைக் கேளாது காசநோய் என்றெழுதினால் காசநோய்க் கணக்கில் ஒன்று கூடும். சிலிக்கோஸிஸ் கணக்கில் ஒன்றும் கூடாது. வடநாட்டிலிருந்து வந்து குவாரியில் உழைக்கும் வாலிபர் நோயுற்றால் ரயிலேறித் தம்மூர் செல்வர். அவர் மரணம் வேறோர் மாகாணத்தில், வேறொரு பெயரால் எழுதப்படும். கணக்கில்லாமை நோயின்மைக்குச் சான்றாகாது. அது நாம் தேடாமைக்கே சான்றாகும்.

பெயரின் வேறுபாடு வெறும் எழுத்தின் வேறுபாடன்று. காசநோய் என்றால் அது விதி வசத்தால் வந்தது, மருந்தோடு முடிந்தது. சிலிக்கோஸிஸ் என்றாலோ அது வேலையால் வந்தது. வேலை கொடுத்தவர்க்கும் அரசாங்கத்தார்க்கும் அதிற் பொறுப்பு உண்டு. நஷ்டஈடு கோர உரிமையும் உண்டு. ராஜஸ்தான் அரசாங்கத்தார் 2019-ஆம் ஆண்டில் தூசி நோய்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, சிலிக்கோஸிஸ் என்று சான்று பெற்றவர்க்கு 3 இலட்சம் ரூபாயும், அவர் இறந்தபின் குடும்பத்திற்கு 2 இலட்சமும் அளிக்க முன்வந்தனர். தம் மண்ணின் கல்லால் நாடெங்கும் மாளிகை எழுப்பிய அம்மாகாணத்தார் அக்கல்லின் கடனை உணர்ந்தனர். கல்லாற் பேர்பெற்ற நம் நாட்டிலும் அத்தகைய ஏற்பாடு வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது. 2030-ஆம் ஆண்டிற்குள் இந்நோயை உலகினின்று ஒழிக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 1995-ஆம் ஆண்டிலேயே உறுதி பூண்டன. சமையலறை மேடைக்குச் செயற்கைக் கற்பலகை அறுத்த இளைஞர்களை இந்நோய் பற்றியமையால், ஆஸ்திரேலியா 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அப்பலகையையே தடை செய்துவிட்டது. செய்ய மனமுடையார்க்குச் செய்யும் வழியும் உண்டு என்பதற்கு இஃதோர் சான்று.

ஆதலின் யான் வேண்டுவன நான்கு. முதலாவது, அரசாங்க ஆஸ்பத்திரியாயினும் தனியார் வைத்திய சாலையாயினும், இருமலும் இளைப்புமாய் வருவோர் சீட்டில் ‘தொழில்: எவ்விடம்? எத்தனை ஆண்டு?’ என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு துளி மையும் அரை நிமிஷமுமே. இரண்டாவது, தூளில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவர்க்கும் சேரும்போதும் பின்னர் ஆண்டுதோறும் நெஞ்சுப் படம் எடுத்து, அதன் பிரதியை அவர் கையிலேயே கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, ஒரு நாள் வேலை செய்தாலும் அதற்கோர் எழுத்துச் சான்று இருத்தல் வேண்டும். எங்கே வேலை செய்தாய் என்பதற்குச் சான்றின்மையாலேயே பலருடைய வழக்கு வாசற்படியில் விழுகிறது. நான்காவது, ஆட்கள் எத்தனை எனப் பாராது, கல்லுடைக்கும் ஒவ்வோர் ஆலையும் காற்றிலுள்ள தூளை அளந்து, அவ்வளவைத் தமிழில் எழுதி வாயிலில் தொங்கவிடல் வேண்டும்.

நம்மால் ஆவது யாது என்று கேட்பீர்களாயின், ஒன்று கூறுவேன். யான் வைத்திய மாணவனல்லேன், தமிழ் மாணவன். ஆதலின் என் கண்ணிற் படுவது மொழியின் குறையே. ‘சிலிக்கோஸிஸ்’ என்னும் சொல் எங்கள் பெரியப்பா நாவில் வராது. தன் நோயின் பெயரைச் சொல்ல இயலாதவன் தன் உரிமையை எங்ஙனம் கேட்பான்? ‘கல்தூள் நோய்’ என்று எளிய பெயரிட்டு, அதன் அறிகுறிகளையும் அதற்குரிய உரிமைகளையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, குவாரிகளை அடுத்த ஊர்களில் டீக்கடைதோறும் ரேஷன் கடைதோறும் ஒட்டலாம். இதனினும் நல்ல பெயர் காண்பார் காணட்டும். விடுமுறை முகாம்களுக்குக் கிராமம் செல்லும் நம் மாணவர், சாலையைப் பெருக்குவதோடு நில்லாது, வீடுதோறும் சென்று ‘யார் எங்கே எத்தனை ஆண்டு கல்லுடைத்தார்’ என்று எழுதி வரலாம். பழைய மாணவருள் வைத்தியரும் வழக்கறிஞரும் அதிகாரிகளும் பலர் உளர்; அவ்வேட்டை அவர்கள் கையில் ஒப்படைக்கலாம். கல்வெட்டைப் படியெடுப்பது கல்விப் பணியாயின், கல்லை வெட்டியவர் வாழ்க்கையைப் படியெடுப்பதும் கல்விப் பணியே. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்றோர் கதையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். குவாரியை அடுத்த சாலையில் பேருந்தின் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்லும் நாமும் அவ்வாறு விலகிச் செல்வோரே ஆகின்றோம்.

விடுமுறை முடிந்து புறப்பட்ட நாளில் அப்பெரியவரிடம் விடைபெறச் சென்றேன். “அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், பெரியப்பா: பதினெட்டு வருஷம் கிரஷரில் இருந்தேன் என்று” என்றேன். ஒரு தாளில் அதனை எழுதியும் கொடுத்தேன். அவர் அதனை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சென்ற மாதம் வீட்டிலிருந்து வந்த செய்தி: அத்தாளைக் கண்ட வைத்தியர் வேறோர் படம் எடுக்கச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அவர் நோய் தீராது என்பதை யான் அறிவேன். ஆயினும் அதற்குரிய பெயர் அதற்குக் கிடைக்கக்கூடும். அவருக்குப் பின் அவ்வாலையில் நிற்கும் இளைஞனுக்கோ, நோயே வாராது தடுக்கக் காலம் இன்னும் இருக்கிறது.